குளிர்ந்த கடலில் ஸ்கூபா டைவிங் போய் என்ன பார்க்க முடியும்?

பவளப்பாறை இல்லாத குளிர்கடலில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே இருக்கிறது. கனடாவின் மேற்குக் கரையில் உள்ள நனைமோவைப் பாருங்கள். 1997-இல் ‘சஸ்காட்சவன்’ என்ற ஓய்வுபெற்ற போர்க்கப்பலைச் சுத்தம் செய்து, செயற்கைப் பாறைத்திட்டாக ஸ்நேக் தீவருகே மூழ்கடித்தார்கள். 100 மீட்டருக்கும் மேல் நீளம். இன்று அதன் கைப்பிடிக் கம்பிகளில்கூட வெள்ளைக் கடற்சாமந்திகள் (பூப்போல் தோன்றும் கடல்விலங்குகள்) மொய்த்துக் கிடக்கின்றன. நீரோட்டம் இரையைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அவற்றுக்குப் பற்றிக்கொள்ள ஓர் இடம் போதும்.

அதே தீவை ஒட்டி ஒரு பாறைச்சுவர் செங்குத்தாக ஆழத்துக்கு இறங்குகிறது. கப்பலைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். அங்கே மேகம்போல் திரண்டு நிற்கும் கடற்பஞ்சுகளின் உடற்சட்டகம் சிலிக்காவால், அதாவது கண்ணாடிப் பொருளால் ஆனது. காலில் மாட்டிய நீச்சல் துடுப்பு லேசாகப் பட்டாலே நொறுங்கும். திரும்ப வளர நெடுங்காலமாகும். தயவுசெய்து தள்ளியே நீந்துங்கள்.

சரி, குளிர்? ஆழத்தில் 10 டிகிரிக்குக் கீழேதான். உடம்பில் நீர் படாத டிரை சூட் கட்டாயம், அதற்குத் தனிப்பயிற்சியும் வேண்டும். அப்புறம், குளிர்காலத்தில் போவதே நல்லது. மிதவையுயிரிகள் குறைந்து தண்ணீர் தெளிந்திருக்கும். கப்பலுக்குள் நுழைவதை மட்டும் அதற்கான பயிற்சி எடுக்காமல் செய்யாதீர்கள்.