பாய்லர் ராசி

கேள்வி: எண்ணெய் ஆலையில் 9 வருஷம் பாய்லர் ஓட்டினேன். ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. பினாங்கு, கிள்ளான், ஜொகூர் பாரு... குடும்பத்தோடு போக எந்த ஊர் எனக்கு ராசியாக இருக்கும்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ராசியா? நாலு பக்கம் தள்ளி நம் சோதிடர் இருக்கிறார், கேளுங்கள். ‘தென்திசை அனுகூலம்’ என்பார். சுங்கை சிப்புட்டுக்குத் தெற்கே ஈப்போ இருக்கிறது, சிங்கப்பூர் இருக்கிறது, அண்டார்டிகாவும் இருக்கிறது. வாராவாரம் பன்னிரண்டு ராசிக்கும் வாகன யோகம் வழங்கும் அந்த மனிதர் ஆபீசுக்கு இன்னும் பஸ்ஸில்தான் வருகிறார். இதை எழுதியதற்கு அடுத்த வாரம் என் ராசிக்கு என்ன வரும் என்று எனக்கே தெரியும்.

உங்களுக்கு இப்போது உச்சத்தில் இருக்கவேண்டியது சொக்சோ, அதாவது மலேசியத் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம். வேலை போன 60 நாளுக்குள் வேலை காப்புறுதிக்கு மனுப் போடுங்கள். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு இரண்டு மாதம் 40, அதன்பின் இரண்டு மாதம் 30. சந்தா குறைவென்றால் மூன்றே மாதத்தில் நின்றுவிடும். ஆலைக் கிராணி (குமாஸ்தா) நீட்டும் தாளில் ‘நானாகவே விலகுகிறேன்’ என்றிருந்தால் பேனாவைத் தொடாதீர்கள். தொட்டால் இதுவும் போச்சு, வருஷத்துக்கு 20 நாள் வீதம் உங்களுக்கு வரவேண்டிய 180 நாள் சம்பளமும் போச்சு.

குடும்பத்தோடு ஒரேயடியாகக் கிளம்பவேண்டாம். 600 வெள்ளி (ரிங்கிட்) வாடகை வீட்டுக்கு இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று 2,100 வெள்ளி எண்ணி வைக்கச் சொல்வார்கள். 2,000 வெள்ளி சம்பளக்காரருக்கு சொக்சோ முதல் மாதம் தருவது 1,600. அரிசி வாங்குமுன்பே 500 துண்டு விழுகிறது. இப்போது குடியிருக்கும் தோட்டத்து வீட்டில் எத்தனை நாள் இருக்கலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, முதலில் நீங்கள் மட்டும் போங்கள்.

எங்கே? பினாங்கின் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளில் பத்தொன்பது வயசுப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க உங்களுக்கென்ன தலையெழுத்தா? சான்றிதழ் உள்ள ஆள் இல்லாமல் பாய்லரை ஓட்டக்கூடாது என்பது சட்டம். செம்பனை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் போர்ட் கிள்ளானிலும் ஜொகூரின் பாசிர் கூடாங்கிலும் இருக்கின்றன. அங்கே விசாரியுங்கள். தொழிற்சாலை பஸ் எந்தத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) நிற்கிறது என்று கேட்டுவிட்டு அந்தத் தாமானிலேயே அறை பாருங்கள். ஜொகூர் போனதும் பாலம் தாண்டும் ஆசை வரும். முதலாளி பெர்மிட் எடுத்துத் தராமல் சிங்கப்பூரில் ஒரு நாள்கூட வேலை செய்ய முடியாது.

உங்கள் சான்றிதழ் முதல் கிரேடா, இரண்டாவதா? சம்பளம் அதைப் பொறுத்தது. மூலத் தாள் ஆலை ஆபீஸ் கோப்பில் கிடந்தால், கணக்கு முடிக்கும் அன்றே கையோடு வாங்கிவிடுங்கள்.