உருகியது போன்ற கோடு எப்படி வந்தது?

கேள்வி: எலெக்ட்ரானிக் கீபோர்டில் நாலைந்து வெள்ளைக் கட்டைகளின் மேல் உருகினாற்போல் ஒரு கோடு. சூடு எதுவும் படவில்லை. என்ன காரணம்?

பதில்: கட்டைகளின் மேல் அடாப்டர் ஒயர் கிடந்ததா? ஒயரின் மேலுறையான பிவிசி பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற ரசாயனம் மெல்லக் கசிந்து, கட்டையின் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ஒயரைக் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். தடமும் வளைவும் அப்படியே பொருந்தினால் சந்தேகமே வேண்டாம்.

பிசுபிசுப்பை, சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். தின்னர், அசிட்டோன் கூடவே கூடாது, பிளாஸ்டிக் கரைந்துவிடும். பள்ளம் லேசானது என்றால் கட்டையைக் கழற்றி, 800, 1500, 2000 எண் வாட்டர் பேப்பரால் வரிசையாக ஈரத்தோடு தேயுங்கள். கழற்றாமல் தேய்த்தால் தூளும் நீரும் அடியிலுள்ள ரப்பர் காண்டாக்டுக்குள் இறங்கி, சத்தம் விட்டுவிட்டு வரும். ஆழமான பள்ளமா, கட்டையை மாற்றிவிடுங்கள். மூடிவைக்கப் பருத்தித் துணிதான் நல்லது. ரெக்ஸின் உறை வேண்டாம், அதுவும் அந்த ஒயரைப் போலவே கட்டையை இளக்கிவிடலாம்.