ஆன்டிபாடி டெஸ்ட்ல கம்மியா வந்தா, முன்னாடி போட்ட ஹெபடைடிஸ் பி ஊசி வீணா?

வீணாகலைங்க. டைட்டர் டெஸ்ட் (ரத்தத்துல ஆன்டிபாடி எவ்ளோ இருக்குன்னு அளக்கறது) வரைக்கும் போயிருக்கீங்கன்னா நீங்க நர்சிங் படிக்கிறவங்களோ ஆஸ்பத்திரி வேலையில இருக்கறவங்களோதான், வெளியாளு பெரும்பாலும் இதெல்லாம் எடுக்க மாட்டாங்க. நான் டாக்டர் இல்ல, டிஎம்எல்டி முடிச்ச லேப் டெக்னீஷியன், அதனால "நீ யாரு இதைச் சொல்ல"ன்னு கமெண்ட்ல வரப்போறவங்களுக்கு இப்பவே ஒரு கும்பிடு.

எனக்கு இது நடந்திருக்கு. நைட் டியூட்டில ரத்தம் எடுக்கும்போது பேஷண்ட் கையை வெடுக்குன்னு இழுத்தாரு, ஊசி என் விரல்ல ஏறிடுச்சு. சோப்பு போட்டுக் கழுவிட்டு அவரோட ஃபைலைப் பார்த்தா ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ். மனசு கேக்கல, எங்க லேப்தானேன்னு நானே என் டைட்டரைப் போட்டுப் பார்த்தேன், 10க்கு கீழ வந்துச்சு (10 இருந்தாத்தான் பாதுகாப்புன்னு கணக்கு), உசுரே போச்சு. இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் சிஸ்டர் என் பழைய ஃபைலைப் புரட்டிட்டு, "மூணு டோஸ் முடிச்சப்ப 10க்கு மேல போயிருக்குல்ல தம்பி, அது போதும், போய் வேலையப் பாரு"ன்னாங்க. எனக்கு அப்ப கோவம்தான் வந்துச்சு. ஆனா அவங்க சொன்னதுதான் சரி, அப்புறம் ஹெபடைடிஸ் பி வந்திருக்கான்னு எடுத்த டெஸ்ட் எல்லாமே நெகட்டிவ்.

என்ன நடக்குதுன்னா, கையில ஊசி போட்டதும் அந்த மருந்து அக்குள்ல இருக்கற நிணநீர் முடிச்சுக்குப் போகுது, நாம நெறி கட்டுதுன்னு சொல்றோமே அதேதான். அங்க பி செல்கள் (ஆன்டிபாடி தயாரிக்கிற வெள்ளை அணுக்கள்) பெருகுது, பெருகும்போதே ஆன்டிபாடி ஜீன்ல சின்னச் சின்ன மாற்றம் வருது, யாரு வைரஸ் புரதத்தை இறுக்கமாப் பிடிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் டி செல்ங்கிற இன்னொரு வகை வெள்ளை அணுவோட உதவி கிடைக்கும், மத்தது செத்துடும். தேறினதுல ஒரு பகுதி பிளாஸ்மா செல்லாகி எலும்பு மஜ்ஜையில உக்காந்து ஆன்டிபாடி தயாரிக்கும், இன்னொரு பகுதி மெமரி பி செல்லாகி, வைரஸை ஞாபகம் வெச்சுக்கிட்டு ஒண்ணும் செய்யாம ரத்தத்துலயும் மண்ணீரல்லயும் கெடக்கும். ரத்தத்துல ஓடற ஐஜிஜி ஆன்டிபாடி மூணு வாரத்துல பாதியாயிடும், தயாரிக்கிற செல் குறையக் குறைய ரிப்போர்ட்ல நம்பரும் குறையும். நம்ம டெஸ்ட் அளக்கறது அதை மட்டும்தான். பாக்கெட்ல காசு தீர்ந்தா சம்பாதிக்கற கையும் போச்சுன்னா அர்த்தம்?

ஹெபடைடிஸ் பி வைரஸ் நோயாத் தெரிய சராசரியா மூணு மாசம் எடுத்துக்கும். மெமரி செல் சில நாள்லயே முழிச்சுக்கிட்டு ஆன்டிபாடியைக் கொட்டிடும். அப்ப கொரோனா ஊசி போட்டும் ஏன் வந்துச்சுன்னு கேப்பீங்க, அது ரெண்டு மூணு நாள்ல மூக்கு தொண்டையில பரவிடுது, உருவத்தையும் மாத்திக்குது, அதையும் இதையும் போட்டுக் குழப்பாதீங்க.

எவ்ளோ நாள் தாங்கும்னா, 1918 ஃப்ளூவுல பொழைச்சவங்களோட ரத்தத்துல கிட்டத்தட்ட 90 வருஷம் கழிச்சும் அந்த வைரஸை அடையாளம் காணுற பி செல்களைக் கண்டுபிடிச்சு 2008ல வெளியிட்டாங்க. 1846ல வட அட்லாண்டிக் கடல்ல இருக்கற ஃபாரோ தீவுகள்ல தட்டம்மை ஊரையே வாரிக்கிட்டப்ப, 1781ல ஏற்கனவே வந்து பொழைச்ச கெழவங்களுக்கு மட்டும் வரலைன்னு பீட்டர் பானும்ங்கிற டாக்டர் எழுதி வெச்சிருக்காரு. அந்த 65 வருஷமும் தீவுல தட்டம்மையே இல்ல, ஞாபகப்படுத்த ஆளே இல்லாம உடம்பு வெச்சிருந்திருக்கு!

இதெல்லாம் ஊசி போட்டவங்களுக்கு. எங்க இடத்துல ரத்தம் தோய்ஞ்ச பஞ்சையும் ஊசி டப்பாவையும் தூக்கறது கான்ட்ராக்ட்ல வர்ற ஹவுஸ்கீப்பிங் அக்காங்க, மூணாவது டோஸ் ஆறாவது மாசம், அதுக்குள்ள அவங்க நின்னுடுவாங்களாம், அதனால முதல் டோஸே கிடையாதாம்.  சரி விடுங்க.

கோர்ஸ் முடிச்ச ஒண்ணு ரெண்டு மாசத்துல எடுத்த டைட்டர் 10க்கு மேல இருந்த ரிப்போர்ட் கையில இருந்தாத்தான் நான் சொன்னது பொருந்தும். அப்ப டெஸ்ட்டே எடுக்கலைன்னா, இல்ல டயாலிசிஸ்ல இருக்கீங்க, எதிர்ப்புசக்தியைக் குறைக்கற மாத்திரை சாப்பிடறீங்கன்னா கணக்கு வேற, டாக்டரைக் கேளுங்க. ஊசி குத்திடுச்சுன்னா அன்னைக்கே சொல்லிடுங்க, இம்யூனோகுளோபுலின் (ரெடிமேட் ஆன்டிபாடி ஊசி) போடணும்னா 24 மணி நேரத்துக்குள்ள போடறதுதான் நல்லது.