விடுப்பு விண்ணப்பம் அவரவர் மேலாளருக்குத் தானாகப் போக என்ன வழி?

வேலைகளைத் தானாக நடத்தும் மைக்ரோசாஃப்ட் கருவியான பவர் ஆட்டோமேட்டில் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். மேலாளரின் மின்னஞ்சலை நேரடியாக எழுதி வைக்காதீர்கள். ஆள் மாறினால் தவறான ஆளுக்குப் போகும். 'ஆபீஸ் 365 யூசர்ஸ்' இணைப்பில் 'கெட் மேனேஜர்' என்ற படி இருக்கிறது. விண்ணப்பித்தவரின் மின்னஞ்சலை அதற்குக் கொடுத்து, திரும்பி வரும் முகவரியை ஒப்புதல் படியின் 'அசைன்டு டு' கட்டத்தில் போடுங்கள்.

சரி, சிக்கல் எங்கே? என்ட்ரா ஐடியில் (நிறுவனப் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) ஒருவருக்கு மேலாளர் பெயர் காலியாக இருந்தால் 'கெட் மேனேஜர்' படி 404 ('கிடைக்கவில்லை') பிழையோடு நின்றுவிடும். முதலாளிக்கு மேலாளர் ஏது? அவர் லீவு போட்டாலும் இதே கதைதான். அதற்குத் தனிக் கிளை ஒன்று வைத்து, 'ரன் ஆஃப்டர்' அமைப்பில் தோல்வி நிலையைத் தேர்ந்தெடுத்து, மனிதவளத் துறைக்குத் திருப்பிவிடுங்கள். அப்புறம், ஒரு விண்ணப்பத்துக்காகத் தொடங்கிய ஓட்டம் ஒப்புதலுக்காக 30 நாளுக்கு மேல் காத்திருக்காது.