பழைய போஸ்ட்காட்டில் இருப்பது கிளிநொச்சி ஸ்ரேசன்தானா, எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படத்தை விடுங்கள், முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் முழுக்க விலாசத்துக்கு மட்டும் என்றால் அது 1902ஐ ஒட்டி வழக்கொழியத் தொடங்கிய பழைய வடிவம்; கிளிநொச்சி வழியாகப் போகும் வடக்கு ரயில் பாதை முழுதாகத் திறந்ததே 1905இல்தான், ஆகவே அப்படியொரு அட்டையைக் கிளிநொச்சி என்று யாராவது விற்க வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். நடுவில் கோடு போட்டுப் பிரித்திருந்தால் சரி, அதற்குப் பிந்தியது. முத்திரையில் ஐந்தாம் ஜோர்ஜ் இருந்தால் 1910க்குப் பிறகு.

இப்போதுள்ள கட்டிடத்தோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். 1990இல் போரால் கோச்சி (ரயில்) ஓடுவது நின்றது, சிலிப்பர் கட்டையும் தண்டவாளமும் பங்கர் (பதுங்குகுழி) கட்டப் போன கதை எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். 2013 செப்டெம்பரில் திரும்ப ரயில் வந்து நின்றது புதுக் கட்டிடத்தில்.