ஸ்டேஷனில் மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டுமா?

கேள்வி: நான் ஸ்டாண்ட்-அப் காமெடி செய்பவன். எங்கள் ஊர்த் திருவிழாவில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயரை மைக்கில் வாசித்து முடிப்பதற்குள் அம்மனே தூங்கிப் போய்விட்டாள் என்று ஒரு நிகழ்ச்சியில் பேசினேன். வீடியோவைப் பார்த்த விழாக் கமிட்டிக்காரர் ஒருவர், மத உணர்வைப் புண்படுத்திவிட்டேன் என்று புகார் கொடுத்திருக்கிறார். வீடியோவை நீக்கிவிட்டு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள் ஸ்டேஷனில். அப்பாவும் வம்பு வேண்டாம், எழுதிக் கொடு என்கிறார். என்ன செய்வது? (தஞ்சாவூர் மாவட்ட வாசகர்)

பதில்: இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால், கொடுக்காதீர்கள். உங்கள் அப்பாவின் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்த வெள்ளைத் தாளில் என்ன எழுதச் சொல்வார்கள் என்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஸ்டேஷன் ரைட்டர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுவீர்கள். நடுவில் 'வேண்டுமென்றே' என்று ஒரு வார்த்தை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. மத உணர்வைப் புண்படுத்துவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-ஆவது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 295ஏ. யாரோ ஒருவர் மனம் புண்பட்டது மட்டும் இதற்குப் போதாது. புண்படுத்த வேண்டும் என்றே, கெட்ட எண்ணத்தோடு மதத்தை அவமதித்திருக்க வேண்டும். ராம்ஜி லால் மோடி வழக்கில் 1957-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. நீங்கள் கேலி செய்தது மைக்கை விடாதவர்களை, அம்மனை அல்ல. போலீசிடம் எழுதிக் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் சாட்சியமாக நிற்காதுதான். ஆனால் அது அன்று மாலையே ஊர் வாட்ஸப் குழுவில் வந்துவிடும். அப்புறம் எந்த மேடை ஏறினாலும் அதைத்தான் நீட்டுவார்கள்.

எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு நடந்தது நினைவிருக்கும். அவருடைய 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்புக் கிளம்பியபோது, 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டு, நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தையே விட்டுவிடுவதாக அவர் அறிவிக்கும்படி ஆயிற்று. அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2016 ஜூலையில். ஒரு கையெழுத்தை அழிக்க ஒன்றரை வருடம் ஆனது.

வாடிப்பட்டி வழக்கு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. குடும்பத்தோடு சிறுமலைக்குப் போன ஒருவர், துப்பாக்கிப் பயிற்சிக்காகப் போகிறோம் என்று வேடிக்கையாக எழுதி ஃபேஸ்புக்கில் போட்டோ போட்டார். அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் சேர்க்கும் பிரிவிலேயே வாடிப்பட்டி போலீசார் வழக்குப் போட்டார்கள்! ரிமாண்ட் செய்ய மாஜிஸ்திரேட் மறுத்தார். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் எஃப்.ஐ.ஆரையே ரத்து செய்தார். அந்தத் தீர்ப்பைப் படியுங்கள், தைரியம் வரும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. புகாருக்கு சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) மட்டும் போட்டிருக்கிறார்களா, எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டதா என்று வக்கீல் மூலம் விசாரியுங்கள். 299-க்கு மூன்றாண்டு வரை தண்டனை. இத்தகைய புகாரில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(3) பிரிவு. பேச்சு சம்பந்தப்பட்ட புகார்களில் அப்படிச் செய்வதே பொருத்தம் என்று கவிஞர் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொல்லியிருக்கிறது. உங்கள் வக்கீல் இதை எழுத்தில் கேட்கட்டும். விசாரணைக்கு வரச் சொல்லி அதே சட்டத்தின் 35(3) பிரிவில் போலீஸ் நோட்டீஸ் வந்தால் கட்டாயம் ஆஜராகுங்கள்.

ஆனாலும் இது ஜாமீனில் வர முடியாத பிரிவு. 2021 ஜனவரி 1-ஆம் தேதி இந்தூரில் கைதான நகைச்சுவைக் கலைஞர் முனாவர் ஃபரூக்கிக்கு உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது பிப்ரவரி 5-இல்தான். எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் முன்ஜாமீன் மனு போடுங்கள்.

வெட்டாத முழு வீடியோவைப் பத்திரமாக வைத்திருங்கள். அதில் அந்தக் கமிட்டிக்காரர் பெயரைச் சொல்லியிருந்தால் அவதூறு வழக்குக்கு இடம் உண்டு. பட்டியல் சாதியினர் ஒருவரைக் குறிவைத்து இழிவாக ஏதாவது பேசியிருந்தால் நிலைமையே வேறு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முன்ஜாமீன் பொதுவாகக் கிடைக்காது, அதைக் கருத்துச் சுதந்திரம் என்று நானும் வாதாட மாட்டேன். அப்படி ஒரு வரி இருந்தால் முதலில் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.