கழுத்துக் கட்டி திரும்ப வந்துவிட்டது: மருத்துவமனை மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: ஏழு வயதாகும் என் மகளுக்குக் கழுத்தின் நடுவில், தாடைக்குக் கீழே ஒரு சின்னக் கட்டி இருந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் ‘டெர்மாய்டு’ (தோல் திசு உள்ளே சிக்கி உண்டாகும் கட்டி) என்று சொல்லி, 20 மாதங்களுக்கு முன் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இப்போது அதே இடம் வீங்கிச் சீழ் வடிகிறது. வேறொரு டாக்டர், ‘இது பிறவியிலேயே வரும் தைரோகுளோசல் நீர்க்கட்டி, முதல் தடவையே எலும்போடு சேர்த்து எடுத்திருக்க வேண்டும்’ என்கிறார். பழைய மருத்துவமனையோ, ‘திரும்ப வருவது சகஜம், நீங்கள் கையெழுத்துப் போட்டுத்தானே கொடுத்தீர்கள்’ என்கிறது. எங்களிடம் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான் இருக்கிறது. வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் ‘கட்டி திரும்ப வந்துவிட்டது’ என்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அது நிற்காது.

கருவில் தைராய்டு சுரப்பி நாக்கின் அடியில் உருவாகிக் கழுத்துக்கு இறங்குகிறது. இறங்கிய பாதை பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட வேண்டும். மறையாமல் மிச்சம் நின்றால் அதில்தான் இந்தக் கட்டி உண்டாகிறது. அந்தப் பாதை, கழுத்தின் மேல்பகுதியில் நாக்குக்குக் கீழே இருக்கும் ஹையாய்டு என்ற சின்ன எலும்பின் நடுப்பகுதியை ஒட்டிப் போவதால், கட்டியை மட்டும் எடுத்தால் மிச்சம் உள்ளேயே தங்கிவிட வாய்ப்பு அதிகம். எலும்பின் நடுத்துண்டையும், நாக்கின் அடிவரை போகும் திசுவையும் சேர்த்து எடுக்கும் முறையை சிஸ்ட்ரங்க் என்ற அறுவை மருத்துவர் 1920-ல் விவரித்தார். இன்றும் அதுவே ஏற்கப்பட்ட முறை. அப்படிச் செய்தும் நூற்றில் சிலருக்குத் திரும்ப வருவதுண்டு. மருத்துவமனை சொல்வதில் அவ்வளவு உண்மை இருக்கிறது.

அவர்களுடைய பலமான வாதம் வேறு. டெர்மாய்டும் இதே இடத்தில்தான் வரும், ஸ்கேனில்கூட இரண்டையும் பிரித்துச் சொல்வது சில நேரம் கடினம். டெர்மாய்டு என்றால் கட்டியை மட்டும் எடுப்பது சரியான சிகிச்சைதான். ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம், சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் செய்யக்கூடியதைச் செய்தாரா என்றுதான் பார்க்கச் சொன்னது. நல்லெண்ணத்தில் நேர்ந்த கணிப்புப் பிழை அலட்சியம் ஆகாது. ஆகவே ஆபரேஷனுக்கு முன் ஸ்கேன் எடுத்தார்களா, நாக்கை நீட்டச் சொல்லியும் விழுங்கச் சொல்லியும் கட்டி மேலே நகர்கிறதா என்று பார்த்துக் குறித்தார்களா என்பது முக்கியம். எதுவுமே பார்க்காமல் கத்தி வைத்திருந்தால் அதைக் கணிப்புப் பிழை என்று சொல்லித் தப்ப முடியாது.

என் கண் போவது இன்னொரு காகிதத்தின் மேல்: திசுப் பரிசோதனை அறிக்கை. எடுத்த கட்டியை லேபுக்கு அனுப்பியிருந்தால் அந்த அறிக்கை அவர்கள் ஃபைலில் இருக்கும். டெர்மாய்டில் முடிக்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் தெரியும். தைரோகுளோசல் கட்டியின் சுவரில் தைராய்டு திசு தெரியலாம். அறிக்கை தைரோகுளோசல் என்று வந்திருந்தால் அன்றே உங்களைக் கூப்பிட்டு, ‘நாங்கள் நினைத்தது வேறு, இது திரும்ப வரலாம், அடுத்து இதைச் செய்ய வேண்டும்’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் மூடி வைத்திருந்தால், ஆபரேஷன் மேஜையில் நடந்ததைவிட அதுதான் உங்களுக்குப் பெரிய ஆயுதம். லேபுக்கே அனுப்பவில்லை என்றாலும் கேள்வி அவர்கள் பக்கம்தான் திரும்பும்.

கையெழுத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒப்புதல் படிவம் அலட்சியத்துக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு அல்ல. சமீரா கோலி வழக்கில் (2008), சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள் ஆகியவற்றைச் சொல்லிப் பெற்ற சம்மதம்தான் சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. படிவத்தில் அச்சடித்த பொது வாசகம் மட்டும் இருந்தால் அதற்குப் பெரிய மதிப்பு கிடையாது.

இப்போது செய்ய வேண்டியது: அறுவை சிகிச்சைக் குறிப்பு, ஸ்கேன், திசு அறிக்கை, ஒப்புதல் படிவம் எல்லாவற்றின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 விதிகள்படி 72 மணி நேரத்தில் தர வேண்டும். பதிவுகளை மூன்று வருடம்தான் வைத்திருக்கக் கட்டாயம் என்பதால் ‘பிறகு பார்க்கலாம்’ என்று விடாதீர்கள்.

காலக்கெடு அதைவிட நெருக்கம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69-ன்படி இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தவறு வெளியே தெரியாத வழக்குகளில் அது தெரிய வந்த நாளிலிருந்து கணக்கிடலாம் என்று ஸ்ரீகண்டே வழக்கில் (2010) தீர்ப்பு உண்டு. அதை ஒரு பாதுகாப்பாக வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். ஆபரேஷன் நடந்த நாளிலிருந்து எண்ணினால் உங்களுக்கு நான்கு மாதம்தான். புகாரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுங்கள். அங்கே மகளோடு நீங்களும் நுகர்வோர்தான், உச்ச நீதிமன்றத்தில் 1998-லேயே முடிவான விஷயம். போலீஸ் புகார் வேண்டாம். குற்ற வழக்குக்கு மிக மோசமான அலட்சியம் வேண்டும், இது அந்த அளவுக்கு வராது.

வழக்குக்காகக் குழந்தையின் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். எப்போது ஆபரேஷன் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். சீழ் இருக்கும்போது முதலில் அதை அடக்கிவிட்டுத்தான் செய்வார்கள். புது டாக்டரிடம் பழைய டாக்டரைக் குறை சொல்லி எழுதித் தரச் சொன்னால் பெரும்பாலும் நழுவிவிடுவார். அப்படிக் கேட்காதீர்கள். ஹையாய்டு எலும்பின் நடுப்பகுதி முழுதாக இருந்ததா, பழைய பாதை தெரிந்ததா என்று கண்டதை ஆபரேஷன் குறிப்பில் விவரமாக எழுதச் சொல்லுங்கள், போதும். எடுத்த திசு கட்டாயம் லேபுக்குப் போகட்டும்.

இன்னொன்று. நோட்டீஸ் போனதும் பழைய மருத்துவமனை ‘நாங்களே இலவசமாகச் செய்து தருகிறோம்’ என்று கூப்பிடலாம். போவதும் போகாததும் உங்கள் விருப்பம். ஆனால் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று ஒரு தாளை நீட்டினால், வக்கீல் படித்துப் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.